‘வரேன்’ சொல்லாத மச்சான்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நான் கொஞ்சம் கதை அளக்கிற ஆள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் மச்சானுக்கு அந்த வித்தை சுட்டுப்போட்டாலும் வராது. அவர் ரயிலில் டிக்கெட் செக்கர். இருபது வருடமாக ஊரார் விடுகிற கதைகளைக் கேட்டுக் கேட்டு, கதை என்றாலே அவருக்கு ஒவ்வாமை. ‘பர்ஸ் தொலைஞ்சு போச்சு சார்’ என்று ஒருவர் கண் கலங்கி நின்றால், ‘எந்தப் பாக்கெட்ல இருந்துச்சு?’ என்று கேட்பார். சொந்தத் தங்கை சொல்வதையே, அதாவது என் மனைவி சொல்வதையே, பாதிதான் நம்புவார்.

அவருக்கு எங்கள் சொந்தத்தில் ஒரு கெட்ட பெயர் உண்டு. யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் ‘வரேன்’ என்று சொல்ல மாட்டார். ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிடுவார். வாசல் வரைக்கும் வழியனுப்ப வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். “உங்க மச்சானுக்கு அப்படி என்னங்க திமிரு?” என்று என் தலையைத்தான் உருட்டுவார்கள். மூன்று வருடமாகத்தான் இப்படி. காரணத்தைப் போன ஞாயிற்றுக்கிழமைதான், அவர் வீட்டில் வைத்து, என்னிடம் சொன்னார்.

பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இது சாயங்காலம் நாலு மணிக்கு, பளீரென்ற வெயிலில் நடந்தது.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த நேரம். மச்சான், அவர் மனைவி, எட்டு வயது மகள், மூன்று பேரும் ராஜாக்கள் ஆண்ட ஒரு பழைய தலைநகரைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார்கள். மகளை நாங்கள் ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்தவள். யாரைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்வாள். யார் கூப்பிட்டாலும் பின்னாலேயே போய்விடுவாள். வெளியூர் என்றாலே மச்சான் பயப்படுவது இதனால்தான். கூட்டத்தில் அவள் கையை அவர் விட்டதே கிடையாது.

மதில், அகழி எல்லாம் தாண்டி உள்ளே அரண்மனை. மணிக்கு ஒரு கூட்டமாக ஆட்களை விடுவார்கள். டிக்கெட் என்பது ஒரு காகிதப் பட்டை. மணிக்கட்டில் வளையமாகச் சுற்றி ஒட்டிவிடுவார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு நிறம். நாலு மணிக்கு மஞ்சள். திரும்பி வரும்போது வாசல் காவலர் அதைக் கத்தரித்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போடுவார். பட்டை இல்லாமல் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. மச்சானுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. “இவன்தான்யா மூளைக்காரன்” என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாராம்.

தொழில் புத்தி, பட்டைகளில் இருந்த எண்களையும் பார்த்துக்கொண்டார். அவருக்கு 416. மனைவிக்கு 417. வாலுவுக்கு 418. அவள் கை குச்சிபோல இருந்ததால் காவலர் சின்ன வளையமாகச் சுற்றி ஒட்டினார். அப்படியும் அது தொளதொளவென்றுதான் இருந்தது.

மணி 4.20. கீழே பெரிய தர்பார் மண்டபம். வழிகாட்டி சிம்மாசனத்தைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் சிம்மாசனத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை. நாற்பது வயது இருக்கும். வெளுத்துப்போன நீல உடை. தூணை ஒட்டி நின்று வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் இல்லாதவர்கள் கதவைத்தான் பார்ப்பார்கள். இது மச்சானின் இருபது வருட அனுபவம். அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

பட்டை இல்லை.

‘ஓசியில நுழைஞ்சிருக்கு’ என்று முடிவு கட்டினார். லீவில் வந்த இடத்தில் நமக்கென்ன வம்பு என்று விட்டுவிட்டார். ஆனாலும் மனசு குறுகுறுத்தது. காவலர் ஒரு ஆளைக்கூட விடாமல் கையைப் பிடித்துப் பார்த்துத்தானே அனுப்பினார்?

மணி 4.35. மேல்மாடிக்கு ஒரே படிக்கட்டு. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். வழிகாட்டி முதலில் ஏறினார். அடுத்து மச்சானும் வாலுவும். மற்றவர்கள் எல்லாம் பின்னால்.

மேலே போனால்... அவள் அங்கே நிற்கிறாள்.

கல்லில் துளைத் துளையாகக் குடைந்த ஜன்னல். அதன் பக்கத்தில் நின்றாள். “சண்டைக்குப் போறவங்களை ராணிங்க இங்க நின்னுதான் வழியனுப்புவாங்க” என்று சொல்லிக்கொண்டே வழிகாட்டி அவளைத் தாண்டிப் போனார். அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இவள் எப்படி முன்னால் வந்தாள்? வேறு படி இருக்கிறதா என்று மச்சான் சுற்றிப் பார்த்தார். இல்லை. ‘இது ஏதோ கூட்டுக் களவாணித்தனம். வழிகாட்டிக்கும் பங்கு இருக்கு’ என்று நினைத்துக்கொண்டார். பாவம், அவர் புத்தி அதுவரைக்கும்தான் போகும்.

“ஏங்க, இங்க ஒரு போட்டோ எடுங்க” என்றாள் மனைவி.

போட்டோ எடுக்க இரண்டு கையும் வேண்டும். வாலுவின் கையை விட்டார். எடுத்தது இரண்டே போட்டோ.

திரும்பினார். மணி 4.41.

வாலு ஜன்னலோரம் நின்று அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். மகளின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை.

418.

ஒரே பாய்ச்சலில் போய் மகளை இழுத்துக்கொண்டார்.

“அது என் பொண்ணோட டிக்கெட்.”

“குடுத்தா” என்றாள் அவள். கண் இன்னமும் படிக்கட்டுப் பக்கமே இருந்தது.

“நான்தான்பா குடுத்தேன். ஆன்ட்டிகிட்ட இல்லையாம். வெளிய விடமாட்டேங்கிறாங்களாம்.”

“கழட்டிக் குடுங்க” என்று கை நீட்டினார் மச்சான். அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தார்.

வளையம் பிரியவில்லை. கிழியவில்லை. ஒட்டின ஒட்டு அப்படியே இருந்தது. குழந்தைக் கைக்குச் சுற்றின வளையம். அவள் உள்ளங்கை அதற்குள் நுழையவே நுழையாது.

எப்படி மாட்டினாள்?

பயமாக இருந்தது என்று அவரே சொன்னார், என்னிடம் அப்படிச் சொல்கிற ஆளே இல்லை. டிக்கெட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கினால் போதும் என்று ஆகிவிட்டது. கால் திரும்பியது. வாய்... அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. யாரிடமிருந்து விடைபெற்றாலும் நாம் எல்லாரும் சொல்கிற வார்த்தை.

“சரிங்க... வரேன்.”

அவள் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எப்போ?”

மச்சான் நிற்கவில்லை. மனைவியை ஒரு கையால், மகளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

4.44. பாதிப் படியில் ஒரு சத்தம்.

சர்ர்... சர்ர்...

காகிதம் கல்சுவரில் உரசுகிற சத்தம். பின்னால் கேட்டது.

சர்ர்...

பக்கத்தில்.

பிறகு முன்னால்.

பிறகு இல்லை.

4.52. வாசல். காவலர் 416-ஐ வெட்டினார். 417-ஐ வெட்டினார். “பாப்பாவோடது எங்க சார்?”

“மேல ஒரு பொம்பளை டிக்கெட் இல்லாம...” என்று மச்சான் ஆரம்பித்தார். காவலர் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டிப்போட்ட மஞ்சள் துண்டுகளுக்கு மேலே ஒரு முழு வளையம் கிடந்தது. வெட்டாதது.

418.

காவலர் குரலைத் தாழ்த்தினார். “அவங்ககிட்ட வரேன்னு சொன்னீங்களா?”

“...ஆமா.”

“எங்க ஆளுங்க யாரும் மேல அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம் சார். சரி விடுங்க. இனிமே இந்தப் பக்கமே வராதீங்க. அவங்களை வாங்கன்னு எதுவும் கூப்பிடலையே?”

“சேச்சே. நான் எதுக்குக் கூப்பிடுறேன்?”

“அப்பச் சரி. போங்க.”

போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றுதான் சொன்னார்.

ரயில் 7.10-க்குக் கிளம்பியது. ரயில் மச்சானுக்குச் சொந்த வீடு மாதிரி, ஏறினதும் உயிர் வந்தது. வாலுவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“அந்த ஆன்ட்டிகிட்ட என்னடா பேசின?”

“ஒண்ணும் பேசலப்பா. டிக்கெட் குடுத்தேன். எங்க வீட்டுக்கு வாங்கன்னு சொன்னேன். யாரைப் பாத்தாலும் அப்படிச் சொல்லணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“வரேன்னு சொன்னாங்க.”

இதுதான் மச்சான் எனக்குச் சொன்னது. நான் சிரித்தேன். “மூணு வருஷமாச்சே மச்சான், வந்தாங்களா?” என்று கேட்டேன். அவர் என் பைக் சாவியை எடுத்து வாலுவின் கையில் கொடுத்தார்.

பகல் 12.40-க்குக் கிளம்பினேன். மூன்று பேரும் வெளி கேட் வரை வந்தார்கள். வாலுவுக்கு இப்போது பதினொரு வயது. என் பைக் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் யாரும் இல்லை. கதவு திறந்திருந்தது. இவ்வளவு கேட்ட பிறகும் பாருங்கள், பாழாய்ப்போன நாக்கு...

“சரி மச்சான், வரேன்.”

கூடத்திலிருந்து ஒரு குரல். அமைதியான குரல்.

“எப்போ?”

வாலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் சொல்லிப் பழகினது மாதிரி சொன்னாள்:

“மாமா சும்மா சொல்றாங்க. எல்லாரும் சும்மாதான் சொல்வாங்க. நீங்க உள்ளேயே இருங்க, நான் வரேன்.”

சாவியை என் கையில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். மச்சான் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் அதற்குள் வாசல் படியேறிவிட்டாள்.