குதிகாலில் விழுந்த உதை

இறைச்சிக் கூடத்தில் அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டின் பின்னங்காலில் எலும்புக்கும், கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டும் குதிநாணுக்கும் நடுவே கத்தி முனையால் கீறி, அங்கே கொக்கியை மாட்டித் தூக்குவதில் அவர் கைதேர்ந்தவர். முழு ஆடும் அந்த நாணில்தான் தொங்கும். "தோல் கிழியும், எலும்பு முறியும், இது மட்டும் அறாது" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவார், ஏதோ அவரே செய்து வைத்த மாதிரி.

அவருடைய குதிகாலும் கொஞ்ச நாளாகக் காலையில் இறுகிக்கொண்டு வலித்தது. ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸோடு நாளெல்லாம் நிற்கிறவனுக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார்.

அன்றைக்கு உரித்த கிடா ஒன்றைத் தோளில் ஏந்தி, உயரத்திலிருந்த கொக்கியில் மாட்ட எம்பினார். பட்டென்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து குதிகாலில் ஓங்கி உதைத்தது போலிருந்தது. கிடாவோடு சேர்ந்து விழுந்தவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றது வாலு.

வாலு அவர் மனைவியின் தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். பையன் பெயருக்கேற்ற வாலு. பின்னாலிருந்து ஏப்ரன் முடிச்சை அவிழ்ப்பான், முழங்கால் மடிப்பில் தட்டி ஆளைத் தடுமாற வைப்பான். அப்பேர்ப்பட்டவன், "நான் தொடவே இல்ல மாமா" என்று அழுதால் எவன் நம்புவான்?

கொக்கி நம்பவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. பாதத்தை ஆட்ட முடிந்தது, நொண்டி நொண்டியாவது நடக்க முடிந்தது. நாண் அறுந்திருந்தால் நடக்க முடியுமா என்பது அவர் கணக்கு. ஆட்டுக்காலைத் தெரிந்தவருக்குத் தன் கால் தெரியவில்லை. உதைபட்ட வீக்கம் என்று தைலத்தைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு, வீட்டில் கிடந்து கத்தினார். அந்தக் கூச்சல் பொறுக்காமல் அவர் மனைவி தம்பியைத் தனியே கூப்பிட்டாள்.

"செஞ்சேன்னு சொல்லிக் கால்ல விழுந்துடுடா. அவரு ஆறிடுவாரு. எனக்காக."

அவனும் விழுந்தான். அவள் சொல்லித்தான் விழுந்தான் என்று கொக்கிக்குத் தெரியாது. ஆறுவதற்குப் பதில், "பாத்தியா, ஒத்துக்கிட்டான்" என்று முதலாளி வரைக்கும் கொண்டுபோனார். வாலுவை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் வேறு ஊரில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். அவன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

மழைக்காலம் முடிந்தும் கால் தேறவில்லை. படி ஏறினால் கால் துவண்டது. கடைசியில் மனைவி இழுக்காத குறையாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா அவரைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே இருக்க, கெண்டைச் சதையை அமுக்கினார். நல்ல காலின் பாதம் தானாக அசைந்தது. மற்றது அப்படியே கிடந்தது.

"நாண் அறுந்து ரொம்ப நாளாச்சு. அப்பவே வந்திருக்கணும். இனிமே தைச்சாலும் பழைய பலம் வர்றது கஷ்டம்."

"ஒருத்தன் உதைச்சுட்டாம்மா."

"திரும்பிப் பாத்தீங்களாக்கும்? இது அறுந்தா நிறைய பேரு அப்படித்தான் பாப்பாங்க. பின்னாடி வெறும் சுவரு இருந்தாலும் உதைச்சாங்கன்னுதான் சொல்லுவாங்க. ஏற்கெனவே நைஞ்சுபோனது, எம்பினப்ப அறுந்திருக்கு. யாரும் உதைக்கல."

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமென்றே ஒன்று நடக்கவில்லை. கொக்கிக்கு மனைவி பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. அவளோ சுவரைப் பார்த்தபடி, "நான்தான் அவனை ஒத்துக்கச் சொன்னேன்" என்றாள். தன் கால் போனதைவிட அது அவருக்கு வலித்தது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவரே போன் போட்டார்.

"மாமா! கால் தேவலையா மாமா?"

"நீ உதைக்கலடா. டாக்டரே சொல்லிட்டாங்க. அது தானா அறுந்தது. வந்துடுடா."

வாலு சொன்னான், அவனிடம் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில்.

"அக்கா சொல்லி இப்படிப் பேசுறீங்களா? வேணாம் மாமா. மொதல்ல நானும் உதைக்கலன்னுதான் நெனச்சேன். யோசிக்க யோசிக்க இப்ப நல்லா ஞாபகம் வருது. என் கால் பட்டுச்சு மாமா."