அப்பாவின் பிழைகள்

1. இன்று கராஜில் அப்பாவின் பழைய பேஸ்பால் கையுறை கிடைத்தது.
2. அதன் தோலுக்குப் பூசிய எண்ணெய் இன்னும் மணத்தது.
3. கிரான்பர்ன் மைதானத்துத் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது.

ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் அப்பாவோடு விளையாடும் அங்கிள்மார் அங்கே கூடி, தேநீர் ஆறி ஆடை படியும்வரை, அந்த வருடம் பந்து பிடிப்பதில் பிழையே விடாதவர் என்று கிளப்பின் கௌரவப் பலகையில் யார் பெயரை எழுதலாம் என்று வாதாடுவார்கள்.

“பிழையே விடாத ஆளோ? இவர் பந்தைத் தவறவிட்டதை நான் கண்டனான்!” என்று ஒருமுறை ரவி அங்கிள் அப்பாவைக் காட்டிக் கத்தினார்.

“உம்மடை கண்ணோ, பிள்ளை எழுதின ஸ்கோர் புத்தகமோ?” என்றார் சிறி அங்கிள்.

எல்லோரும் சிரித்தார்கள். புத்தகம் வென்றது, அப்பாவின் பெயர் பலகையில் ஏறியது.

அந்தப் பிள்ளை நான். பத்து வயதில், அப்பா தவறவிட்ட பந்துகளையெல்லாம், பிழைக் கணக்கில் சேராதபடி, எதிரணியின் நல்ல அடிகள் என்றே எழுதினேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். பலகை எங்கள் கராஜில் இருக்கிறது. அப்பா அதை வாராவாரம் துடைக்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.