பிளேட் கூலரைப் பிரித்த நாள்

பந்திங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலைகளில் எத்தனையோ கூலர்களைக் கழுவியிருக்கிறேன். பீர் ஆலைக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. கிள்ளானில் ஒரு சின்ன ஆலை. உள்ளே மால்ட் என்கிற முளைவிட்ட பார்லியைக் கஞ்சி காய்ச்சுகிற வாசம். அதை நடத்துகிற சீன ஆன்டி எங்களைக் கண்டதும் ஓடி வந்து மலாயில் கொட்டித் தீர்த்தார்.

"கொதிச்ச மால்ட் சாறு ஆறவே மாட்டேங்குது லா! முன்ன முக்கால் மணி நேரம், இப்ப ரெண்டு மணி நேரம். நாளைக்குக் காலையில மறுபடி காய்ச்சணும்."

என்னோடு வேலை செய்யும் அண்ணன் பம்பைத் தொட்டுப் பார்த்தார். "பம்புதான் தளர்ந்துபோச்சு தங்கச்சி. கூலரைப் பிரிச்சா இன்னிக்கு முடியாது."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலர் என்பது நெருக்கி அடுக்கிய எஃகுத் தகடுகள். ஓர் இடுக்கில் சாறு ஓடும், அடுத்த இடுக்கில் குளிர்நீர். சாறு நுழைகிற இடத்து மீட்டரில் அழுத்தம் ஏறிக் கிடந்தது, வெளியே வருகிற இடத்தில் விழுந்து கிடந்தது.

"பம்பு நல்லாத்தான் தள்ளுது அண்ணே. அடைப்பு நடுவுல. பிரிப்போம்."

போல்ட்டுகளைத் தளர்த்தினோம். நான்காவது தகட்டிலேயே அடைப்பு அகப்பட்டது. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் சக்கை பச்சைச் சேறாக அப்பியிருந்தது, அதற்கடியில் கல் மாதிரி பழுப்புப் படிவு.

"பாத்தீங்களா!" கத்தியே விட்டேன். அண்ணன் கையுறையை மாட்டினார்.

முதலில் காரத் தண்ணீர், அலசல், பிறகு அமிலம். கம்பி பிரஷ் பட்டால் தகடு கீறிவிடும், அதனால் மெல்லிய பிரஷ்தான். படிவு கரைந்து எஃகு பளிச்சென்று தெரியத் தெரிய, என் கை நிற்கவில்லை. சாப்பாட்டு நேரம் போனதே தெரியாது. தகடுகளுக்கிடையே ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட்டுகளில் வெடித்திருந்த இரண்டை மாற்றி, அடுக்கி, இறுக்கி, தண்ணீர் விட்டோம்.

அடியில் ஒழுகியது.

பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடுகளின் விளிம்பு தேன்கூடு போல ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கலைந்திருந்தது. ஒரு தகடு தலைகீழ்.

"நான் மாட்டினதுதான் அண்ணே. அவசரப்பட்டுட்டேன்."

"எங்கேன்னு தெரிஞ்சுபோச்சில்ல? கழட்டு, கழட்டு."

மறுபடி பிரித்துச் சரிசெய்தோம். இந்தத் தடவை அடுக்கின் கனம் எல்லாப் பக்கமும் ஒன்றாக வருகிறதா என்று அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்து, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினோம். தண்ணீர் விட்டோம். ஒரு சொட்டு இல்லை!

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன். சாறு கொதித்து முடிந்ததும் ஆன்டி வால்வைத் திறந்தார். இந்தப் பக்கக் குழாயில் கை வைக்க முடியவில்லை, அந்தப் பக்கம் குளுகுளுவென்றிருந்தது. நாற்பது நிமிடத்தில் கொப்பரை காலி. ஆன்டி என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, ஒரு கிண்ணத்தில் ஆறிய சாற்றைப் பிடித்துக் கொடுத்தார்.

"இது இன்னும் பீர் ஆகலை. பயப்படாம குடி."

முதலில் இனிப்பு, பின்னாலேயே கசப்பு. நின்ற இடத்திலேயே முழுக் கிண்ணத்தையும் குடித்துவிட்டேன்.