ஒரே வீட்டில் இரண்டு பயிற்சித் திட்டம்

நானும் என் கணவரும் ஓசூரில் வெவ்வேறு தொழிற்சாலைகளில் வேலை பார்த்தோம். உடம்பு பெருத்துப்போகிறதே என்று காலையில் ஓட ஆரம்பித்து, அதுவே பழக்கமாகிவிட்டது. பெங்களூரில் முழு மாரத்தான் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் இருவருமே பெயர் கொடுத்தோம். பயிற்சித் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் சண்டை வந்தது.

இணையத்தில் திட்டங்கள் கொட்டிக் கிடந்தன. அவர் எடுத்ததில் வாரத்துக்கு ஆறு நாள் ஓட்டம், அதிலும் இரண்டு நாள் மூச்சு முட்டும் வேகம். நான் எடுத்ததில் நான்கு நாள்தான். நடுநடுவே நடக்கவும் செய்யலாம்.

“நடக்கறதுக்கு எதுக்கு மாரத்தான்? சந்தைக்குப் போய்ட்டு வந்தா பத்தாதா?” என்றார்.

“ரெண்டு பேருக்கும் ஷிப்ட் இருக்குதுங்க. நைட் முடிச்சுட்டு வந்து வேகமா ஓட உடம்பு கேக்குமா?”

“பர்கூர்க்காரன் உடம்பு. கேக்கும்.”

ஒரு மாதத்தில் அவர் முகம் ஒடுங்கிவிட்டது. மாடிப்படி இறங்கும்போது வலது காலைத் தாங்கித் தாங்கி வைத்தார். “ஒரு வாரம் கொறச்சுக்கங்களேன்” என்று கேட்டால் எரிந்து விழுவார். பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். வீட்டில் சாப்பாட்டுப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் பாகலூர் சாலையில் சேர்ந்து கிளம்பினோம். அவர் பாகலூர் பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்ப வேண்டும். எனக்குப் பாதி வழியில் திரும்பினால் போதும். அவருடைய செல்போனும் என் இடுப்புப் பையில்தான் இருந்தது. ஊரைத் தாண்டுவதற்குள் முன்னால் ஓடி மறைந்துவிட்டார்.

நான் திரும்ப வேண்டிய இடம் வந்தது. திரும்ப மனசு வரவில்லை. அவர் வேகத்துக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் எதிரே வந்துவிடுவார், பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறியது. ஜல்லி லாரிகள் உரசுவதுபோல் கடந்து போயின. ஒவ்வொரு லாரி மறையும்போதும் அதன் பின்னால் அவர் தெரிவார் என்று பார்த்தேன். பாகலூரே வந்துவிட்டது. ஆள் இல்லை.

நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“நீல பனியன் போட்டவரா? நொண்டிக்கினே போனாரும்மா. திரும்புவாருன்னு பாத்தேன், கர்நாடகா பக்கமாவே போய்ட்டாரு.”

திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி ஏன் போனார்? நானும் அதே பக்கம் ஓடினேன். நடுவில் நடக்கவே இல்லை.

ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில், ஒரு சிறு பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

“ஏங்க, இங்க எதுக்கு வந்தீங்க?”

“திரும்பி வந்தா உன் கண்ணுல படணும். நான் நொண்டறத நீ பாப்ப” என்றார். “கொஞ்சம் தள்ளிப் போய், வலி விட்டப்புறம் வரலாம்னு...”

எனக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. கோஸ் ஏற்றிவந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தினேன். ஓட்டுநர் கன்னடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். ஓசூர் வரை ஏற்றிவந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார்.

கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல். மாரத்தானை மறந்துவிடச் சொன்னார் டாக்டர்.

அடுத்த ஞாயிறு நான் ஷூவைக் கட்டும்போது அவர் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“நான் இப்படிக் கெடக்கும்போதும் போவியா?”

போகாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “போறேங்க. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது” என்று சொல்லி வெளியே வந்தேன். தெருமுனை வரை முதுகில் அவர் பார்வை பட்டுக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது.

பெங்களூரில் நான் ஓடி முடிக்கும்போது தடுப்புகளை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் வந்திருந்தார். கைதட்டவில்லை. பக்கத்தில் வந்து, “எங்கயாவது வலிக்குதா?” என்று மட்டும் கேட்டார்.