ஜவாத் வைத்த அரைப் போத்தல் தண்ணீர்

வரிசை போடாமல் எனக்கு எதுவும் எழுத வராது. ஜவாத் இறந்த செய்தி வந்த காலையில், இருப்புக்கொள்ளாமல், மையத்து வீட்டுக்குப் புறப்படுமுன் கிறுக்கியது இது:

1. செய்தி வந்தது.
2. அதிர்வைப் பற்றி அவர் கற்பித்த முறை.
3. அவருடைய வேன் பற்றி எங்கள் தகராறு.
4. ஜவாத் ஒருநாளும் என் பேச்சைக் கேட்டதில்லை.

மாத்தளையில் அவரிடம் வாகனம் திருத்தப் படித்த நீங்கள் நான்காவதை மறுக்கமாட்டீர்கள் என நினைக்கிறேன்.

"சேர், வாப்பா மௌத்தாப் போய்ட்டாங்க" என்று அவருடைய மகன் ரியாஸ் தொலைபேசியில் சொன்னான். மாரடைப்பு. துக்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. ஜவாத்தின் அந்த நடுங்கும் வேனில்தான் ரியாஸ் தம்புள்ளைக்குப் போய் மரக்கறி ஏற்றி வருகிறான். அதன் நடுக்கத்தை இனி யார் கவனிப்பார்?

ஒரே தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் பாடமும் அவர் பட்டறையும் நடத்தினோம். சுழலும் பொருளின் எடை ஒருபக்கம் கூடினால், சுற்றுக்கு ஒரு முறை அது உதறும். நடுக்கம் எதன் வேகத்தோடு கூடிக் குறைகிறது என்று பார்த்தால் பழுதுள்ள பொருள் அகப்படும். இதைச் சொல்ல நான் கரும்பலகை முழுவதும் அலை வரைவேன். ஜவாத் வாசலில் நின்று, "மாஸ்டர், கடல் நல்லா வந்திருக்கு. இனி புள்ளைங்கள வண்டியில ஏத்துவோமா?" என்பார்.

வண்டிக்குள் அரைப் போத்தல் தண்ணீர் வைப்பார். நின்ற வண்டியில் எஞ்சினை முடுக்கும்போதே தண்ணீர் நடுங்கினால் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். ஓடும்போது மட்டும் நடுங்கினால் சில்லையோ, பின் சில்லுகளைச் சுழற்றும் நீண்ட ஷாப்டையோ சந்தேகிக்க வேண்டும். "கையில தெரியுதா, குந்துற எடத்துல தெரியுதா? அத மொதல்ல சொல்லுங்க" என்பதே அவருடைய முதல் கேள்வி. ஸ்டியரிங் உதறினால் முன்பக்கம்; இருக்கை உதறினால் பின்பக்கம்.

போன மாதம் அவருடைய வேனே உதறத் தொடங்கியது. ரியாஸ் ஓட்ட, மூவரும் தம்புள்ளை வழியில் நாலந்தா பக்கம் போனோம். இருக்கைதான் நடுங்கியது. ஏற்றத்தில் போத்தல் தண்ணீர் துள்ளியது. அக்ஸிலேட்டரை விட்டதும் அடங்கியது; டயர் பழுதென்றால் அப்போதும் நடுங்கியிருக்கும்.

"நானா, ஷாப்ட் மூட்டு தேஞ்சிருக்குமோ?" என்று ஜவாத்தைக் கேட்டேன்.

"பின் டயர் தேஞ்சிருக்கு மாஸ்டர். உங்க முழங்கால் வலிக்கு என் வேன ஏன் குத்தம் சொல்றீங்க?"

"ஓடுறப்ப ஷாப்ட் கழண்டு விழுந்தா?"

"விழுந்தா ஒங்களத்தான் தூக்கச் சொல்வேன்."

ரியாஸ் சிரித்தான். எனக்கும் என் கணிப்பில் சந்தேகம் வந்துவிட்டது.

மையத்து வீட்டின் முன்னால் அந்த வேன் நின்றது. கதிரையில் உட்காருவேன், எழும்புவேன், குனிந்து வேனின் அடியைப் பார்ப்பேன். நிழலில் எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர், "சேருக்கு சொகமில்லையா?" என்று கேட்டார். தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வரும் பிள்ளையிடம் ஷாப்டைப் பற்றி எப்படிப் பேசுவது?

அடக்கம் முடிந்து வந்த ரியாஸ், "வாங்க சேர், வீட்ல விட்டுட்டு வாறேன்" என்றான். மறுக்கத் தைரியமில்லாமல் ஏறினேன். போத்தல் அதே இடத்தில் இருந்தது. ஏற்றம் வந்ததும் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஒருபக்கம் சரிந்தது. துள்ளவில்லை.

"டயர் மாத்தினீங்களா?"

"இல்ல சேர், அதே டயர்தான். போன கிழமை வாப்பா ஷாப்ட கழட்டி மூட்ட மாத்தினாங்க." கியரை மாற்றினான். பிறகு சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "'மாஸ்டருக்குச் சொல்லிராத, அவர் வகுப்பெடுக்க ஆரம்பிச்சிருவார்'னாங்க."

இறங்கும்போது போத்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதை எழுதும் மேசையில்தான் இருக்கிறது. தெருவில் லொறி போகும்போதெல்லாம் தண்ணீர் நடுங்குகிறது. நானும் எழும்பி எட்டிப் பார்க்கிறேன்.

மேலே நான்காவதாக எழுதியது பிழை. ஜவாத் கேட்டிருக்கிறார்.