என் கடை என்னையே உள்ளே விடவில்லை

மட்டாஞ்சேரியில் எங்கள் மசாலாக் கடையை எந்த ஹேக்கரும் தொட முடியாது. இன்று நானே முயன்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

காலையில் ஆர்டர் பேச களமசேரியில் ஒரு ஓட்டலுக்குப் போயிருந்தேன். விலைப்பட்டியலைக் காட்டப் போகும்போது என் போன் அணைந்துவிட்டது. ஓட்டல் சேட்டன் தன் கம்ப்யூட்டரில் திறக்கச் சொன்னார். போன வாரம் மாற்றிய கடை மெயில் பாஸ்வேர்டு ஞாபகம் வரவில்லை.

அவர் போனிலிருந்து கடைக்குக் கூப்பிட்டேன். எங்கள் கணக்கைப் பார்க்கும் ஷீஜா எடுத்தாள்.

"நான்தான் பேசறேன். புது பாஸ்வேர்டு சொல்லு."

"சார் குரல் மாதிரியேதான் இருக்கு. அதனாலதான் சந்தேகம், கேட்டோ. டிரெயினிங் அன்னிக்கு சாயாவோட என்ன சாப்பிட்டோம்?"

குரலையே போலியாகச் செய்கிறார்கள் என்று அவளுக்கு வகுப்பெடுத்தவன் நான். அந்த ரகசியக் கேள்வியும் நான் வைத்ததுதான்.

"பழம்பொரி" என்றேன்.

டக்கென்று வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் போகவே இல்லை.

சேட்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்வளவு உஷாரான கடையா? ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார்.

மத்தியானம் கடைக்குள் கால் வைத்ததும் ஷீஜா ஓடி வந்தாள்.

"சார், ஒருத்தன் உங்களை மாதிரியே பேசி பாஸ்வேர்டு கேட்டான்! நான் விடுவேனா? அந்த நம்பரை பிளாக் பண்ணி, சைபர் போலீசுலயும் புகார் கொடுத்துட்டேன்."

கைகொடுத்துப் பாராட்டினேன். அன்று சாப்பிட்டது பரிப்புவடையாம்.

இனி ஓட்டல் சேட்டனிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது? அனுபவசாலிகள் யாராவது சொல்லுங்கள்.