கம்ப்யூட்டரில் அப்பா பெயர்

கழுகுமலைப் பக்கம் ஒரு புஞ்சை விலைக்கு வந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், கோவில்பட்டி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சர்வே நம்பரைத் தட்டிப் பட்டாவைப் பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் செத்துப்போன என் அப்பா பெயர், தாத்தா பெயரோடு! மறுபடியும் தட்டினேன். அதேதான். எங்களுக்கு நிலம் இருந்ததாக வீட்டில் யாரும் சொன்னதே இல்லை.

நேரே விற்பவரிடம் போனேன். உளுந்துக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“ஆமா தம்பி, ஒங்கப்பாகிட்ட ரூவா கொடுத்துதான் வாங்குனேன். பத்திரம் பொறவு எழுதிக்கிடலாம்னாவ. அதுக்குள்ள அவிய போயிட்டாவ.”

“மொதல்லயே சொல்லக் கூடாதா அண்ணாச்சி?”

“எப்படியும் பாத்துட்டுத்தான வாங்குவீயன்னு நெனச்சேன். ஒங்களத் தவிர இத யாரு வாங்குவா?”

வரப்பில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இதை வாங்கக்கூடிய ஒரே ஆள் நான். வாங்கத் தேவையே இல்லாத ஒரே ஆளும் நான்தான். அவர் சொன்னது பொய்யோ என்றும் தோன்றியது. பொய் சொல்கிறவர் என்னிடமேயா விற்க வருவார்? கேட்டுப்பார்க்க அப்பாவும் இல்லை.

பேசிய விலையைக் கொடுத்துவிட்டேன். அவரிடமிருந்து எழுதி வாங்கத்தான் ஒன்றுமில்லை. பக்கத்துப் புஞ்சைக்காரர்கள், “யாருகிட்ட வாங்குனீய?” என்று கேட்கும்போதெல்லாம் இன்றும் முழிக்கிறேன்.